ஊர் சுத்தலாம் வாங்க! செஞ்சி: பேர் வெச்சவங்களும் பேர் வாங்கினவங்களும்



வெள்ளானூர், ஆவடி, அம்பத்தூர் பக்கம் காலேஜ் படிக்கிறவங்களுக்கு இந்த வாரம் ஒரு குட்டி கேள்வி. நம்ம ஏரியாவுல கோட்டை இருந்துச்சா?

"கோட்டைன்னா பீச் ஸ்டேஷனுக்கு முன்னாடி ஸ்டேஷன்தானே பாஸ்?"னு கடிக்காதீங்க. நிஜமாகவே ஒரு கோட்டைக் கதை இங்கே இருக்கு. அந்தக் காலத்தில் தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். அதில் ஒன்று புழல் கோட்டம். இப்போ புழல்னா நமக்கு ஏரியும் ஜெயிலும்தான் ஞாபகம் வரும். ஆனால், அங்கே குறும்பர்களின் கோட்டை இருந்தது, தொண்டைமான் படையோடு வந்து அதை ஜெயித்தான் என்று தலபுராணம் சொல்கிறது. திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் சுவாமி சன்னதி முன்னால் ரெண்டு எருக்கந்தூண் இருக்கு, பார்த்திருக்கீங்களா? அது அந்தக் குறும்பர் கோட்டையிலிருந்து வெற்றிச் சின்னமாகக் கொண்டுவந்ததுன்னு சொல்வாங்க.

கோட்டை போச்சு. தூண் மட்டும் ஊர் மாறி நிக்குது. இந்தத் தூண் விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி தேவைப்படும்.

புழல் கோட்டையைப் பார்க்க முடியாது. ஆனால், அதே குறும்பர்கள் ஒரு காலத்தில் பிடித்து வைத்திருந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு கோட்டை இருக்கு. இடிஞ்சு கிடக்கு, ஆனா கம்பீரமா கிடக்கு. ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம். அதுதான் செஞ்சி.

லிஸ்ட்ல வந்தாச்சு!

2025 ஜூலை 11-ம் தேதி செஞ்சிக்கு ஒரு பெரிய நாள். பாரிஸில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ இந்தியாவுக்கு 44-வது உலகப் பாரம்பரியச் சின்னத்தை அறிவித்தது. மொத்தம் 12 கோட்டைகள். அதில் ராய்கட், சிவ்நேரி, பிரதாப்கட் என்று 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. பன்னிரண்டாவது, நம்ம விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. மாமல்லபுரம், சோழர் கோயில்கள், ஊட்டி மலை ரயில் வரிசையில் செஞ்சியும் வந்துவிட்டது.

"சூப்பர்!"னு விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பட்டியலோட தலைப்பைப் பாருங்க: 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'.

உடனே ஒரு கேள்வி வரும். "தமிழ்நாட்டுக் கோட்டைக்கு மராட்டியர் பேரா?" சிலருக்குக் கோபம்கூட வரும். நியாயமான கேள்விதான். ஆனால், இந்தக் கேள்வியைச் செஞ்சிகிட்டயே கேட்டால் அது சிரிக்கும். ஏன்னா, 800 வருஷமா வந்தவங்க எல்லாரும் அதுக்கு ஒரு பேர் வெச்சுட்டுத்தான் போயிருக்காங்க. அந்தப் பேரெல்லாம் என்ன ஆச்சு? அதுதான் இந்த வாரக் கதை.

எப்படிப் போறது?

முதல்ல ரூட்டைச் சொல்லிடறேன். ஆவடி பக்கத்திலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடிச்சா நேரா வண்டலூர். அங்கேருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் தாண்டி திண்டிவனம். திண்டிவனத்தில் திருவண்ணாமலை ரோட்டில் திரும்பினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. மொத்தத்தில் 150 கிலோமீட்டருக்கு மேல வரும். பஸ் பார்ட்டிகள் கிளாம்பாக்கத்தில் ஏறி, திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போற வண்டியா பார்த்து உட்காருங்க.

செஞ்சி ஊரைத் தாண்டியதும் ரோடே கோட்டைக்குள் நுழையும். வலது பக்கம் கிருஷ்ணகிரி. இடது பக்கம் ராஜகிரி. தெற்கே சந்திரகிரி. யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொண்டுவந்து குவித்த மாதிரி மூன்று மலைகள். மூன்றையும் ஒரு முக்கோணமாக இணைத்து ஓடுகிற மதில். இதுதான் செஞ்சியின் சூட்சுமம். எதிரி கீழே இருக்கும் மதிலைப் பிடித்தாலும் மலை மேல் தனித்தனியாக மூன்று கோட்டைகள். ஒன்றைப் பிடித்தாலும் மற்ற இரண்டிலிருந்து அடி விழும்.

ராஜகிரிதான் 'ஹீரோ'. சுமார் 800 அடி உயரம். ஏறிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் உச்சிப் பாறை தனியாகப் பிளந்து நிற்கும். நடுவில் கிட்டத்தட்ட 60 அடி பள்ளம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் அது மரப்பாலம். ஆபத்து வந்தால் பலகையை இழுத்துவிட வேண்டியதுதான். அதுக்கப்புறம் பறந்துதான் வரணும். அங்கே ஒரு சின்னப் படை இருந்தால் போதும், பெரிய சேனையையே நிறுத்தி வைக்கலாம்.

இவ்வளவு பக்காவான கோட்டை எப்படி இத்தனை பேர் கைக்கு மாறிச்சு? வாங்க, வரிசையா பார்ப்போம்.

ஆடு மேய்ச்சவர் முதல் நாயக்கர் வரை

ஊர்க் கதைப்படி ஆரம்பம் ஆனந்தக் கோன். சுமார் 1200-ம் ஆண்டு வாக்கில் இந்த மலையில் ஆடு மாடு மேய்த்தபோது அவருக்குப் புதையல் கிடைத்ததாம். அதை வைத்து மலையில் சின்னக் கோட்டை கட்டி, மலைக்கு ஆனந்தகிரி என்று பேர் வைத்தார். அவர் வம்சத்தில் வந்த கிருஷ்ணக் கோன் பக்கத்து மலையில் கட்டினார். அது கிருஷ்ணகிரி ஆயிற்று. ஆனந்தகிரியை இப்போ யாரும் அந்தப் பேரில் கூப்பிடுவதில்லை. அதுதான் ராஜகிரி.

அப்புறம்தான் நம்ம புழல் கதையில் பார்த்த குறும்பர்கள் இங்கே வந்து கோட்டையைப் பலப்படுத்தினார்கள் என்கிறது அதே மரபு. பிறகு விஜயநகரப் பேரரசு. அவர்களின் பிரதிநிதிகளாக வந்து, பிறகு தனி ராஜாக்களாகவே ஆனவர்கள் செஞ்சி நாயக்கர்கள்.

இன்னிக்கு நீங்க அங்கே போய் "வாவ்!" சொல்லப்போற பல விஷயங்கள் நாயக்கர் காலத்துடையவை. மாடி மாடியாகக் கூம்பிக்கொண்டே போகும் கல்யாண மகால், அதன் மேல்தளங்களுக்கு மண் குழாயில் தண்ணீர் ஏற்றிய ஏற்பாடு, மலை போல நிற்கும் தானியக் களஞ்சியங்கள், யானைக் குளம், கீழ்க்கோட்டையில் முத்தியாலு நாயக்கர் 1540-களில் கட்டிய வெங்கடரமணர் கோயில். களஞ்சியத்தை மட்டும் மிஸ் பண்ணாதீங்க. கோட்டை என்றால் வாளும் பீரங்கியும்னு நினைக்கிறோம். உண்மையில் முற்றுகை என்பது சோத்துக்கும் தண்ணிக்கும் நடக்கிற பரீட்சை. மூணு மலையிலும் சுனை இருந்ததும், களஞ்சியம் நிறைய நெல் இருந்ததும்தான் செஞ்சியின் அசல் பலம்.

பேர் மாற்றும் படலம்

1640-களின் கடைசியில் பீஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைப் பிடித்தது. புது ஓனர், புது போர்டு. 'பாதுஷாபாத்' என்று பெயர் வைத்தார்கள்.

1677-ல் சிவாஜி வந்தார். மகாராஷ்டிராவிலிருந்து இவ்வளவு தூரம் தெற்கே வந்து இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். கைப்பற்றியதோடு விடவில்லை. பழைய மதில்களில் பலவற்றை மாற்றி, புதிதாகப் பலப்படுத்தினார். 'இங்கேருந்து அவர் ஊருக்கு 1,000 கிலோமீட்டர் இருக்கும். இவ்வளவு தூரத்துல ஒரு கோட்டை எதுக்கு?' என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம். பதில் 12 வருஷம் கழித்துக் கிடைத்தது. ஆனால், அதைப் பார்க்க சிவாஜி உயிரோடு இல்லை. 1680-லேயே இறந்துவிட்டார்.

1689. சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் பிடித்துக் கொன்றார். தலைநகர் ராய்கட்டை மொகலாயப் படை வளைத்தது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித்து, மாசக்கணக்கில் பயணம் செய்து, அந்த நவம்பரில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயசு 19. உங்க செட்டுதான்! நாம செமஸ்டர் ரிசல்ட்டுக்கே டென்ஷன் ஆகிற வயசில், அண்ணனை இழந்து, ஊரை இழந்து, மொழி தெரியாத ஊரில் ஒரு ராஜ்ஜியத்தை உயிரோடு வைத்திருக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது.

அதன்பிறகு செஞ்சிதான் மராட்டிய ராஜ்ஜியத்தின் தலைநகரம். பின்னாலேயே மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்துவிட்டார். 1690-ல் முற்றுகை ஆரம்பம். முடிந்தது 1698-ல். எட்டு வருஷம் பாஸ்! நீங்க ப்ளஸ் ஒன் சேர்ந்தப்போ ஆரம்பிச்சிருந்தா, எம்.ஈ. முடிச்சு வெளியே வரும்போதுதான் முடிஞ்சிருக்கும்.

நடுவில் செம காமெடி எல்லாம் நடந்தது. 1692 கடைசியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற ரெண்டு மராட்டியத் தளபதிகள் வடக்கேயிருந்து புயல் மாதிரி இறங்கினார்கள். நம்ம பூந்தமல்லி ரோட்டிலேயே போனால் வருமே காஞ்சிபுரம், அந்தப் பகுதியின் மொகலாய அதிகாரி அலி மர்தான் கானைச் சண்டையில் மடக்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோட்டையைச் சுற்றி வளைத்த மொகலாயர்களை இவர்கள் சுற்றி வளைத்தார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் சுல்பிகர் கான் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் பாதுஷாவின் சொந்த மகன் காம் பக்ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று அவரையே கைது செய்தார்கள். அடைபட்டவன் யார், அடைத்தவன் யார் என்றே தெரியாத நிலைமை!

கடைசியில் 1698-ல் கோட்டை விழுந்தது. ஆனால், ராஜாராம் அதற்குள் தப்பித்து மகாராஷ்டிராவுக்கே போய்விட்டார். மொகலாயர்களுக்குக் கிடைத்தது கல்லு மட்டும்தான். அந்த எட்டு வருஷத்தில் மராட்டிய ராஜ்ஜியம் பிழைத்துக்கொண்டது. அவுரங்கசீப்பின் கடைசிக் காலம் முழுக்க தக்காணத்திலேயே கரைந்தது. யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி ஏன் இருக்கு என்றால் இதனால்தான். கட்டினவங்க வேற. ஆனால் அந்தக் கட்டடம் ஒரு ராஜ்ஜியத்தையே காப்பாத்திக் கொடுத்த நேரம் இதுதான்.

ஜெயித்த சுல்பிகர் கானுக்கு 'நுஸ்ரத் ஜங்' என்று பட்டம் உண்டு. அதனால் கோட்டைக்கு 'நுஸ்ரத்கட்' என்று பேர். பாதுஷாபாத் போர்டு கழற்றியாச்சு, அடுத்த போர்டு மாட்டியாச்சு!

அமெரிக்கக் காலேஜுக்கும் செஞ்சிக்கும் என்ன சம்பந்தம்?

முற்றுகை நடந்த நேரத்தில் ஒரு சைடு டிராக் ஓடியது. ராஜாராமுக்குப் பணம் தேவை. சென்னை ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலக் கம்பெனிக்காரர்களுக்குக் கடலூர் பக்கம் ஒரு இடம் தேவை. 1690-ல் பேரம் முடிந்தது. தேவனாம்பட்டினத்தில் இருந்த சின்னக் கோட்டையும் சுற்றியுள்ள நிலமும் கம்பெனிக்கு. எவ்வளவு நிலம்? இங்கதான் கூத்து. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ அதுவரை!

சும்மா விடுவாங்களா? நல்ல பீரங்கியாகப் பார்த்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அந்த ஊர்களுக்கே 'குண்டு கிராமங்கள்' என்று பேர் வந்தது. அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை.

இந்தப் பேரத்தை நடத்திய சென்னை கவர்னர் பெயர் எலிஹு யேல். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அமெரிக்காவின் யேல் யுனிவர்சிட்டி அதே யேல்தான். 1718-ல் அங்கேயிருந்த ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது மூட்டை சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் ஓவியம் ஆகியவற்றை அனுப்பினார். அதற்கு நன்றியாகக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் காலத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அடிமைகளைக் கப்பல் ஏற்றியதும் பதிவாகியிருக்கிறது. பேர் நின்னா, அந்தப் பேருக்குப் பின்னால் இருக்கிற கணக்கும் சேர்ந்தேதான் நிற்கும்.

பத்து மாசம் ஆண்டவர், 300 வருஷம் நிக்கிறார்

இப்போ நம்ம ஹீரோவுக்கு வருவோம். மொகலாயர்கள் செஞ்சிக்குக் கோட்டைத் தலைவராக வைத்தது ஸ்வரூப் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரரை. அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான், "அப்பா வெச்ச வரி பாக்கியைக் கட்டு" என்றார். "முடியாது" என்றார் தேஜ் சிங்.

1714 அக்டோபர் மாதம், செஞ்சி பக்கத்திலேயே சண்டை. நவாப்பிடம் ஆயிரக்கணக்கில் படை. இவரிடம் சில நூறு பேர். கூட நின்றவர் உயிர் நண்பர் மகபத் கான். ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம். கல்யாண மேடையிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காகப் போரில் நின்றார் மகபத் கான் என்கிறது நாட்டுப்புறக் கதை. ரெண்டு பேரும் அந்தப் போரிலேயே இறந்தார்கள். தேஜ் சிங்குக்கு வயசு 22 என்பார்கள். கோட்டையை ஆண்டது பத்து மாசம்.

அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அந்த ராணியின் நினைவாக நவாப் உருவாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை என்று சொல்வார்கள்.

தேஜ் சிங் என்ற பேரைத் தமிழ் ஜனங்கள் வாயில் போட்டு மென்று 'தேசிங்கு' ஆக்கினார்கள். தேசிங்கு ராஜன் கதை என்று ஊர் ஊராகப் பாடினார்கள். யாரும் அடக்க முடியாத குதிரையை அவர் அடக்கினார் என்றார்கள். பக்கத்துச் சிங்கவரம் குகைக் கோயிலில் படுத்திருக்கும் ரங்கநாதர், "போருக்குப் போகாதே" என்று சொல்லியும் கேட்காமல் போனதால் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றார்கள். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' என்று படமே வந்தது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க ப்ரெண்ட்ஸ். தேசிங்கு தமிழர் இல்லை. வடக்கேயிருந்து வந்த குடும்பம். சண்டையிலும் தோற்றவர். அவர் செஞ்சியில் பெரிதாக எதையும் கட்டவில்லை, தன் பேரை அதற்கு வைக்கவும் இல்லை. ஜெயித்த நவாப்பின் பேர் கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் மசூதியில் இருக்கு, ஆனால் ஊர்ல பத்து பேரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? தேசிங்கு பேரைக் கேட்டுப் பாருங்க, டீக்கடையிலேயே கதை ஆரம்பிச்சிடும். தோத்தவரைத் தத்தெடுத்துக்கிட்டது ஜனங்க.

எட்டு வருஷம் vs ஒரே ராத்திரி

எட்டு வருஷம் தாங்கிய கோட்டை, 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் போனது. பிடித்தவர் புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி. ஆற்காட்டுப் பதவிக்காக நடந்த சண்டையில் தோற்று ஓடிவந்த முகமது அலியின் படை செஞ்சியில் தஞ்சம் புகுந்திருந்தது. புஸ்ஸி நேரத்தைக் கடத்தவில்லை. வாசல் கதவை வெடிவைத்துப் பிளந்து உள்ளே புகுந்தார். இருட்டிய பிறகு மூணு மலையிலும் ஒரே நேரத்தில் ஆட்களை ஏற்றினார். பொழுது விடியும்போது மேலே பிரெஞ்சுக் கொடி. அவர் பக்கம் இழப்பும் ரொம்பக் கொஞ்சம்.

கல்லு அதே கல்லுதான், மலையும் அதே மலைதான். உள்ளே இருந்தவர்களுக்குச் சண்டை போடும் மனசு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரெஞ்சுக்காரர்கள் 11 வருஷம் வைத்திருந்தார்கள். காய்ச்சலில் அவர்கள் ஆட்கள் ஏராளமாகச் செத்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஏப்ரலில் செஞ்சியும் சரணடைந்தது. 1780-ல் ஹைதர் அலி படை ஒரு தடவை பிடித்தது. திப்பு சுல்தானின் காலம் 1799-ல் முடிந்ததும் இந்தப் பக்கம் சண்டை ஓய்ந்தது. அத்தோடு செஞ்சிக்கு வேலை போனது. 'கிழக்கின் டிராய்' என்று ஐரோப்பியர்கள் புகழ்ந்த கோட்டையில் முள்ளுச்செடி முளைத்தது.

இப்போ அந்தத் தூண் விஷயம். புதுச்சேரி பீச்சில் காந்தி சிலையைச் சுற்றிச் செதுக்கின கருங்கல் தூண்கள் நிக்குமே, அதுல சாஞ்சு போட்டோ எடுத்திருப்பீங்க. அது புதுச்சேரிக் கல் இல்லை. செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. புழலிலிருந்து திருமுல்லைவாயிலுக்கு எருக்கந்தூண் போனதாகச் சொல்ற மாதிரியே, செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்குக் கருங்கல் தூண். ஜெயிச்சவன் தூணைத் தூக்கிட்டுப் போறது ரொம்பப் பழைய பழக்கம் போல!

வெங்கடரமணர் கோயிலுக்குள் போய் நில்லுங்க. அங்கே இருக்கிற வெறுமை பீரங்கி பண்ணினது இல்லை, ஆட்கள் கழற்றிக்கொண்டு போனது. அந்த இடத்தில் நின்றால் செஞ்சியைப் பற்றி ஒரு விஷயம் புரியும். இதைச் சண்டை அழிச்சதை விட, சண்டை முடிஞ்சப்புறம் "யாருக்கும் வேணாம்"னு விட்டது அழிச்சதுதான் அதிகம். 1921-ல் தேசியச் சின்னமாக அறிவித்துத் தொல்லியல் துறை கையில் எடுத்த பிறகுதான் மிச்சம் பிழைத்தது.

கடைசியா வந்த படை

பாதுஷாபாத் போச்சு. மராட்டியர்கள் 'சிண்டி' என்றார்கள், அதுவும் போச்சு. நுஸ்ரத்கட் போச்சு. பிரெஞ்சுக்காரர்கள் 'ஜின்ஜி' என்றார்கள். ஆங்கிலேயர்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். நின்னது செஞ்சி. மலையில் இருக்கும் செஞ்சியம்மன் பேரால் வந்த பேர் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். எந்தப் பாதுஷாவும் வைத்த பேர் இல்லை அது. கீழே நெல்லும் மணிலாவும் பயிர் பண்ணினவங்க, சந்தைக்குப் போனவங்க சொல்லிச் சொல்லி நின்ன பேர்.

அதனால 'மராட்டியக் கோட்டை'ன்னு ஒரு பட்டியல்ல போட்டதால செஞ்சி மராட்டியர் கோட்டை ஆகிடாது. அதே மாதிரி, நம்ம கோட்டைன்னு சொல்றதுக்காக ராஜாராமையோ, தேசிங்கையோ, நவாப் கட்டின மசூதியையோ மறைக்கவும் வேணாம். கோன், குறும்பர், நாயக்கர், சுல்தான், மராட்டியர், மொகலாயர், ராஜபுத்திரர், நவாப், பிரெஞ்சு, ஆங்கிலேயர் எல்லாரையும் கூட்டினாத்தான் செஞ்சி. ஒரு பேரை மட்டும் எடுத்துட்டு மீதியைக் கழிச்சா, கையில் கிடைக்கிறது வெறும் பாறை.

ஆனா ப்ரெண்ட்ஸ், இந்த வரிசையில இன்னும் ஒரு படை இருக்கு. அவங்களும் கோட்டைக்குப் பேர் வெச்சுக்கிட்டேதான் இருக்காங்க. கல்யாண மகால் படிக்கட்டில் ஏறும்போது சுவரைப் பாருங்க. களஞ்சியத்துக்குள் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஹார்ட் போட்டு, அம்பு விட்டு, ரெண்டு எழுத்து. டிபார்ட்மென்ட் பேர், பேட்ச் நம்பர். சாவியால கீறினது, கல்லால தேய்ச்சது, பெயின்ட்ல எழுதினது.

சுண்ணாம்புப் பூச்சு ஒரு தடவை பெயர்ந்தால் மழைத் தண்ணி உள்ளே இறங்கும். அப்புறம் செங்கல் கரையும். 400, 500 வருஷத்துப் பூச்சைப் பழையபடி செய்ய முடியாது. மேலே சிமென்ட் பூசலாம், ஆனா அது ஒட்டுத்துணிதான். சட்டமும் சும்மா இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 2010-ல் சட்டத்தைத் திருத்தி இப்படிக் கடுமையாக்கினார்கள். ஒரு ஹார்ட்டுக்கு இவ்வளவு விலை கொடுக்கணுமா?

சட்டத்தை விடுங்க. டெல்லி பாதுஷா தளபதி பேர்ல வெச்ச பேரே ஒட்டலை. காம்பஸ் முனையால எழுதின உங்க பேரா ஒட்டப் போகுது? ஆனா தேசிங்கு பேர் ஒட்டிச்சு. ஏன்? நண்பனுக்காக நின்னவன், நியாயம்னு பட்டதுக்காக நின்னவன்னு ஜனங்க நினைச்சாங்க. 22 வயசுப் பையன். உங்க வயசுதான்.

போறப்போ இதைக் கவனிங்க!

* காலையிலேயே போயிடுங்க. ராஜகிரி ஏறி இறங்க அரை நாள் ஆகும். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல் மாதிரி காயும். மார்ச்சுக்கு மேல் வேண்டாம், டிசம்பர், ஜனவரிதான் பெஸ்ட்.

* நல்ல ஷூ, தொப்பி, ஆளுக்கு ரெண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். காலி பாட்டில் திரும்ப உங்க பையிலேயே வரணும்.

* குரங்குப் படை உண்டு. சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நடந்தால் அது உங்க பாக்கெட் இல்லை.

* குளங்களில் இறங்காதீங்க, மதில் விளிம்பில் நின்னு ரீல்ஸ் எடுக்காதீங்க. மதிலுக்கு வயசாச்சு, பிடிச்சுக்காது.

* ராஜகிரி மட்டும் பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க. எதிர்ல கிருஷ்ணகிரி ஏறினால் குவிமாடம் வைத்த தர்பார் மண்டபம் இருக்கு. கூட்டம் கம்மி, காத்து ஜாஸ்தி.

* திரும்பும்போது சிங்கவரம் போய் ரங்கநாதர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பார்த்துட்டு வாங்க.

ராஜகிரி உச்சியில் மணிக்கூண்டு பக்கம் நின்னு கீழே பார்த்தா மூணு மலையும், மதில் வளைஞ்சு ஓடறதும், நடுவில் வயல்வெளியும், சின்னப் பூச்சி மாதிரி திருவண்ணாமலை பஸ்ஸும் தெரியும். யார் யாரோ பிடிக்கணும்னு துடிச்ச இடம். இப்போ டிக்கெட் எடுத்தா யார் வேணா ஏறலாம். அங்கே நின்னு கூட வந்த ப்ரெண்டுக்கு தேசிங்கு, மகபத் கான் கதையைச் சொல்லுங்க. செஞ்சிக்கு நீங்க செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

அடுத்த வாரம் வேற ஊர்ல மீட் பண்ணுவோம். வரட்டுமா!